குழந்தைக்கு டிஜிட்டல் பியானோ: இராமநாதபுரம் கடலோரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி எனக் கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், சேர்த்த சில வாரங்களிலேயே, வீட்டில் பயிற்சி செய்ய எதை வாங்குவது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். பெருநகரத்து வாசகர்களுக்காக எழுதப்பட்ட யோசனைகளில் பாதி நமக்கும் பொருந்தும். மீதிப் பாதியை உப்புக்காற்றும், நிலையில்லாத மின்சாரமும், பழுது பார்ப்பவர் தொலைவில் இருப்பதும் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள விடைகள் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து எழுதப்பட்டவை.

மரப் பியானோவையே வாங்கிவிடலாமே?

பயிற்சிக்கு அதற்கு ஈடாக வேறொன்றில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதனுள் 220-க்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள் இருக்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டத்தின் மீது செலுத்தும் இழுவிசை பல டன் அளவுக்கு இருக்கும். அந்த இழுவிசை நிலையாக நின்றால்தான் சுருதி நிற்கும். காற்றில் ஈரம் கூடும்போது கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை உப்புகிறது, குறையும்போது சுருங்குகிறது, அதற்கேற்பச் சுருதியும் விலகுகிறது. இத்தகைய பியானோவுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் ஏற்றது என்பார்கள். நம் கடலோரத்தில் குளிர்சாதன அறைக்கு வெளியே அந்த அளவை ஆண்டு முழுவதும் காண இயலாது.

ஈரத்தைவிட உப்பு பெரிய பகை. சிக்ரி என்று நாம் அழைக்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் துருப்பிடித்து அரிபடுவதை ஆராய மண்டபத்தில் ஒரு சோதனை மையத்தை வைத்திருப்பதற்குக் காரணமே நம் காற்றின் கடுமைதான். கம்பி துருப்பிடித்த பிறகு சுருதி கூட்டுபவரை வெளியூரிலிருந்து வரவழைத்தாலும், முறுக்கும்போதே கம்பி அறுந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே, கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் குடும்பத்துக்கு டிஜிட்டல் பியானோவையே நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

கீபோர்டுக்கும் டிஜிட்டல் பியானோவுக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் பியானோ ஒலி வருகிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒலி இரண்டிலும் வரும். வேறுபாடு கட்டையில் இருக்கிறது. சாதாரண கீபோர்டின் கட்டை உள்ளீடற்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் அடியில் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கும். விரலை வைத்த உடனே இறங்கி, எடுத்த உடனே துள்ளி எழும். டிஜிட்டல் பியானோவின் ஒவ்வொரு கட்டையோடும் எடையுள்ள ஒரு சிறு சுத்தியல் இணைந்திருக்கிறது. விரல் கட்டையை அழுத்தும்போது அந்தச் சுத்தியல் எழுகிறது, விடும்போது தன் எடையாலேயே விழுந்து கட்டையை மேலே கொண்டுவருகிறது. கடைக்காரர்கள் இதை ‘ஹேமர் ஆக்‌ஷன்’ என்றும் ‘வெயிட்டட் கீ’ என்றும் சொல்வார்கள். பெரும்பாலான மாடல்களில் இடக்கைப் பக்கத்து மந்தரக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கத்து உச்சக் கட்டைகள் சற்று இலேசாகவும் அமைக்கப்பட்டிருக்கும். மரப் பியானோவிலும் அப்படித்தான்.

மெல்ல வாசித்தால் மெல்லிய ஒலியும், அழுத்தி வாசித்தால் உரத்த ஒலியும் எப்படி வருகின்றன என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரண்டு அல்லது மூன்று தொடுமுனைகள் இருக்கின்றன. முதல் முனை தொட்டதற்கும் அடுத்த முனை தொட்டதற்கும் இடையே கடந்த நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் கட்டை வேகமாக இறங்கியிருக்கிறது என்று கொண்டு ஒலியைக் கூட்டுகிறது. பிள்ளையின் விரல் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வேகத்தை ஆளுவதைத்தான். எடையற்ற கட்டையில் இரண்டு ஆண்டுகள் பழகிய விரல், ஆசிரியர் வீட்டுப் பியானோவில் அமர்ந்ததும் ஒலியே எழுப்ப முடியாமல் திணறுவதையும், மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு தோளிலிருந்து அழுத்தத் தொடங்குவதையும் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த இறுக்கத்தை அவிழ்ப்பதற்குப் புதிதாகக் கற்பிப்பதைவிட அதிக காலம் பிடிக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. அது போதாதா?

தொடக்கத்துக்குப் போதும், ஒரு நிபந்தனையோடு. மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒரே அளவு ஒலி எழுப்பும் கீபோர்டாக இருந்தால் அது பியானோ பயிற்சிக்கு உதவாது. அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி மாறும் ‘டச் ரெஸ்பான்ஸ்’ உள்ளதாக இருந்தால், முதல் ஆறு மாதங்களுக்கு, ஏன், ஓராண்டுக்கும்கூடச் சமாளிக்கலாம். முதல் நிலைப் பாடங்கள் நடுப்பகுதியின் நான்கு ஸ்தாயிக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

முழுப் பியானோவுக்கு 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும் சேர்ந்து 88. பிள்ளை இரண்டு கைகளையும் விரித்து வாசிக்கத் தொடங்கும்போதும், விரலை எடுத்த பிறகும் சுரத்தை ஒலிக்கவிடக் காலால் அழுத்தும் பெடலைப் பயன்படுத்தத் தொடங்கும்போதும், 61 கட்டையின் எல்லை தானாகவே தெரியவரும். ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்க்க அதுவரை காத்திருப்பது நியாயமே. ஆனால் ஆர்வத்தைப் பார்க்கிறோம் என்ற பெயரில் டச் ரெஸ்பான்ஸ் இல்லாத விளையாட்டுக் கீபோர்டைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவது அதற்கு இழைக்கும் அநீதி.

தேர்வு எழுத வைக்க விரும்புகிறோம். அதற்கேற்ப வாங்க வேண்டுமா?

கட்டாயமாக. நம் பகுதியில் பலரும் ‘கிரேடு தேர்வு’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற நிறுவனம் நடத்தும் இந்த வகை இசைத் தேர்வுகளில் பியானோ ஒரு பாடம், எலக்ட்ரானிக் கீபோர்டு வேறொரு பாடம். இரண்டுக்கும் பாடத்திட்டமே தனித்தனி. எலக்ட்ரானிக் கீபோர்டுத் தேர்வில் தாளத் துணையையும் பல்வேறு ஒலிகளையும் கையாளும் திறன் பார்க்கப்படுகிறது. பியானோத் தேர்வில் தொடுதலும் பெடலும் பார்க்கப்படுகின்றன. உங்கள் பிள்ளை எதில் பதிவு செய்யப்போகிறது என்பதை ஆசிரியரிடம் தெளிவாகக் கேட்ட பிறகே கடைக்குப் போங்கள். கீபோர்டுப் பாடம் என்றால் மேலே சொன்ன பலவும் மாறிவிடும், டிஜிட்டல் பியானோ வாங்குவது வீண் செலவாகவும் ஆகலாம்.

எந்த மாடலை வாங்கலாம்? எவ்வளவு செலவாகும்?

சுத்தியல் கட்டை உள்ள 88 கட்டைக் கருவிகளின் விலை ஏறக்குறைய 35,000 ரூபாயில் தொடங்குகிறது. அதற்குக் கீழே ‘88 கட்டை டிஜிட்டல் பியானோ’ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் பலவற்றில் கட்டைக்கு எடையே இருக்காது, அல்லது ‘செமி வெயிட்டட்’ என்று எழுதியிருப்பார்கள். செமி வெயிட்டட் என்பது பெரும்பாலும் வலுவான ஸ்பிரிங்தான், சுத்தியல் இருக்காது.

தொடக்க நிலையில் பார்க்கத்தக்கவை யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 ஆகிய மூன்றும். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால் கவாய் இஎஸ்120, யமஹா பி-225 ஆகியவை உண்டு. தொடுதலை மட்டும் வைத்துச் சொன்னால் ரோலண்டின் கட்டையே மரப் பியானோவுக்கு மிக நெருக்கமானது என்பது என் கருத்து. அதில் கட்டைக்கு மூன்று தொடுமுனைகள் இருப்பதால், கட்டை முழுவதும் எழுவதற்கு முன் மீண்டும் அழுத்தினாலும் ஒலி தவறாது. ஆனால் ஏழு வயதுக்குக் குறைந்த, விரல் வலிமை இன்னும் சேராத பிள்ளைக்கு யமஹாவின் சற்று இலேசான கட்டை இணக்கமாக இருக்கும். காசியோ மெல்லியது, எடை குறைந்தது. இருக்கும் இடத்திலிருந்து அடிக்கடி எடுத்துவைக்க வேண்டிய வீட்டுக்கு ஏற்றது.

இவற்றில் எதுவாயினும் பழுது பார்க்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதை விலையைவிட முன்னால் வைத்துக் கேளுங்கள். பழுதானால் நிறுவனத்தார் வீட்டுக்கு வருவார்களா, கருவியை மதுரைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா, அதற்கான செலவு யாருடையது என்பதற்கெல்லாம் கடைக்காரரிடமிருந்து எழுத்தில் விடை பெறுவது நல்லது. இரண்டு கருவிகளுக்கிடையே விலை வேறுபாடு மூவாயிரமோ நாலாயிரமோதான் என்றால், பழுது பார்ப்பவர் அருகில் உள்ள கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் பாலிஃபோனி, 700 டோன், புளூடூத் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பாலிஃபோனி என்பது ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்க முடியும் என்ற எண்ணிக்கை. பத்து விரல்தானே என்று தோன்றும். பெடலை அழுத்தி வாசிக்கும்போது முன்பு வாசித்த சுரங்களும் ஒலித்துக்கொண்டே இருப்பதால் எண்ணிக்கை ஏறும். யமஹா பி-145-இல் 64, ரோலண்ட் எஃப்பி-10-இல் 96, கவாய் இஎஸ்120-இல் 192 உள்ளன. முதல் நான்கைந்து ஆண்டுப் பாடங்களுக்கு 64 போதும்.

டோன் என்பது கருவி எழுப்பக்கூடிய வெவ்வேறு ஒலி வகை. அவற்றின் எண்ணிக்கை பயிற்சிக்கு எந்த வகையிலும் உதவாது. புளூடூத் ஒலிபெருக்கியில் இணைத்தால் கட்டையை அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்தே ஒலி வரும், அதோடு வாசிக்க முடியாது. கம்பி வழியாக இணைப்பதே சரி. சீரான வேகத்தில் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோம் உள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றில் டிஜிட்டல் பியானோ மட்டும் கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகும். மரப் பியானோவைவிடத் தாங்கும் என்பதுதான் உண்மை, பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. கம்பி இல்லாததால் சுருதி விலகாது. ஆனால் கட்டைகளுக்கு அடியில் ரப்பர் தொடுமுனைகளும், அவற்றின் கீழே மின்சுற்றுப் பலகையும், உலோக எடைகளும், திருகுகளும், ஹெட்ஃபோன் துளைகளும் இருக்கின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. தூசியோடு அது உள்ளே படியும்போது தொடுமுனை ஒழுங்காகத் தொடாது. ஒரு கட்டை திடீரென்று ஒலிக்காமல் போனாலோ, மெல்லத் தொட்டாலும் ஒரு சுரம் மட்டும் உரக்க வெடித்தாலோ, காரணம் பெரும்பாலும் இதுவே. முதல் முனை தாமதமாகத் தொடுவதால் இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட நேரம் குறைந்து, வேகமாக அடித்ததாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. இதற்காகக் கருவியையே மாற்ற வேண்டியதில்லை. பழக்கமுள்ளவர் திறந்து ரப்பர் பட்டையையும் பலகையையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

வராமல் தடுப்பது எளிது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். வீட்டின் உட்புற அறையில், வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்ச் சுவர்கள் நீர் கோத்துக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். வாசித்து முடித்ததும் தடித்த பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். வாரம் ஒருமுறை நன்கு பிழிந்த மெல்லிய துணியால் கட்டைகளைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். சிக்கிய கட்டைக்குத் தேங்காய் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ விடுவது பெருந்தீங்கு. எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பரையும் கெடுக்கும்.

எறும்பும் கரப்பானும் பல்லியும் கதகதப்பைத் தேடிக் கருவிக்குள் புகுவது நம் வீடுகளில் சாதாரணம். கருவிக்கு அருகே தின்பண்டம் வைக்காமல் இருப்பதே அதற்கு முதல் காப்பு. எல்லாவற்றையும்விடச் சிறந்த பராமரிப்பு தினமும் வாசிப்பது. ஆண்டுக்கணக்கில் மூடிவைத்த கருவியே விரைவில் கெடுகிறது.

மின்சாரம் அடிக்கடி போய் வருகிறதே?

இந்த வகைக் கருவிகள் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும், பொதுவாக 20 வாட்டைத் தாண்டாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் தாராளமாக ஓடும். காசியோவின் மெல்லிய மாடல்கள் சில 6 ஏஏ பேட்டரிகளிலும் ஓடுகின்றன.

அடாப்டர் பழுதானால் அருகில் கிடைத்ததை வாங்கிச் செருகிவிட வேண்டாம். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் முனையின் துருவம் மாறியிருக்கலாம், அப்படி மாறினால் கருவியே போய்விடும். இடி, மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

ஸ்டாண்டு, ஸ்டூல், பெடல் ஆகியவை அவசியமா? மேசை மேல் வைத்துக்கொள்ளலாமா?

சாப்பாட்டு மேசையின் உயரமே ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அதன் மேல் கருவியை வைத்தால் கட்டைகள் இன்னும் மேலே போய், பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டே வாசிக்கும். கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 73 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அமர்ந்திருக்கும்போது முழங்கை அந்த மட்டத்துக்கு வரவேண்டும். பெருக்கல் குறி வடிவத்தில் மடங்கும் ஸ்டாண்டு மலிவானது, ஆனால் சுத்தியல் கட்டையை அழுத்தும்போது ஆடும், முழங்காலையும் இடிக்கும். உள்ளூர்த் தச்சரிடம் அளவைச் சொல்லி வேப்பமரத்தில் உறுதியான ஸ்டாண்டு செய்துகொள்வது நான் பலருக்கும் பரிந்துரைப்பது. இரும்பு ஸ்டாண்டைப் போல அது துருப்பிடிப்பதில்லை.

சிறு பிள்ளைகளின் கால் தரையில் எட்டாமல் தொங்கினால் முதுகு தளரும். காலடியில் ஒரு மணைப்பலகை வையுங்கள். கருவியோடு இலவசமாக வரும் சிறு பெட்டி வடிவப் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பெடல் பாடம் தொடங்கும்போது பியானோ பெடல் வடிவில் உள்ள கனமான ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

அடுத்தடுத்து வீடுகள். சத்தம் தொந்தரவாகாதா?

ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளலாம் என்பது டிஜிட்டல் பியானோவின் பெரும் நன்மை. விடியற்காலையிலும், பாங்கு ஒலிக்கும் வேளையிலும், பக்கத்து வீட்டில் துக்கம் நிகழ்ந்த நாளிலும் பிள்ளை யாருக்கும் இடையூறின்றிப் பயிலலாம். ஆனால் ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 75 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு பாதுகாப்பாகக் கருதும் அளவு. வாரத்தில் சில நாளாவது ஹெட்ஃபோன் இல்லாமல் வாசிக்கவிட வேண்டும். வீட்டார் கேட்க வாசிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

பழைய கருவியை வாங்கலாமா?

வாங்கலாம், நேரில் சோதித்த பிறகு. 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் மிக மெல்லவும் பிறகு அழுத்தியும் வாசித்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டையோடு ஒப்பிட்டு ஒலி திடீரென்று கூடவோ குறையவோ செய்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் துளையில் பச்சை படர்ந்திருக்கிறதா, அடியிலுள்ள திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திருகே துருவேறியிருந்தால் உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்நாட்டு ஊரில் இருந்த கருவி, கடலோர வீட்டில் இருந்ததைவிடப் பொதுவாக நல்ல நிலையில் இருக்கும். தேவாலயத்தில் பாடற்குழு பயன்படுத்திய கீபோர்டுகள் மலிவாக வருவதுண்டு. அவை பெரும்பாலும் 61 கட்டையுள்ளவை, பல கைகள் பட்டவை.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் வாங்கி வருவதாகச் சொல்கிறார்.

அங்குள்ள மின்னழுத்தம் நம்முடைய 230 வோல்ட்டை ஒட்டியதே என்பதால் கருவி இயங்குவதில் சிக்கல் இல்லை. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தால் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகக் கூடாது. 88 கட்டைக் கருவி சுமார் 130 சென்டிமீட்டர் நீளமும் பெட்டி இல்லாமலே 11 கிலோவை ஒட்டிய எடையும் கொண்டது. விமானத்தில் இந்த நீளத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கக்கூடும். அங்கு வாங்கியதன் உத்தரவாதம் பொதுவாக இங்கே செல்லாது. கீழக்கரை, தொண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ஹெட்ஃபோனையும் பெடலையும் அங்கிருந்து வாங்கிவரச் சொல்லுங்கள், கருவியை இங்கேயே வாங்குங்கள் என்பதே என் விடை.

பிள்ளை கர்நாடக இசையும் கற்கிறது. இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா?

சுரங்களை அடையாளம் காணவும், டிரான்ஸ்போஸ் வசதியால் பாட்டுக்கு வேண்டிய கட்டைச் சுருதிக்கு மாற்றிக்கொள்ளவும் உதவும். கமகம் பியானோக் கட்டையில் வராது. சில கீபோர்டுகளில் சுரத்தை வளைக்கும் சக்கரம் இருக்கும், டிஜிட்டல் பியானோக்களில் பொதுவாக இருக்காது. கர்நாடக இசையே முதன்மை என்றால் ஆசிரியரைக் கலந்து வேறு கருவியை யோசியுங்கள்.

தவணையில் வாங்கலாமா? எப்போது வாங்குவது நல்லது?

கடல் வருமானத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது முக்கியமான கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தொழில் இல்லாத அந்த இரண்டு மாதமும் தவணை மட்டும் தவறாமல் வரும். ஆகவே ஆறு மாதத் தவணை என்றால் ஜூலைக்குப் பிறகு தொடங்கி மார்ச்சுக்குள் முடிவதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கும் வரை ஆசிரியர் வீட்டிலோ வகுப்பிலோ வாரத்தில் கூடுதலாகச் சில மணி நேரம் வாசிக்க இடம் கேட்டால் பலரும் மறுப்பதில்லை.

நடுவில் நிறுத்திவிட்டால் பணம் வீண்தானே?

பெயர் பெற்ற நிறுவனத்தின் சுத்தியல் கட்டைக் கருவியை, பெட்டியும் ரசீதும் அடாப்டரும் பத்திரமாக இருந்தால், நியாயமான விலைக்கு மறுபடி விற்க முடியும். பெயர் தெரியாத மலிவுக் கருவியை வாங்க ஆள் கிடைப்பது அரிது. விற்பதாக முடிவு செய்தால் உடனே விற்றுவிடுங்கள். பரணில் ஏற்றிவைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் அதன் மதிப்பு பாதியாகிவிடும். அந்த முடிவை எடுப்பதற்கு முன், பிள்ளை பாடத்தைத்தான் வெறுக்கிறதா, அல்லது ஒலிக்காத இரண்டு கட்டைகளோடு மல்லாடிச் சலித்துப்போயிருக்கிறதா என்பதை நீங்களே கருவியின் முன் அமர்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துவிடுங்கள்.